ஏழாவது தாள்

"யாருமே கேக்கலேன்னா சங்கடம் எங்க போவும், அம்மா?" என்று மகள் ஷிஜா சின்னதில் கேட்டது நர்ஸ் ரத்னாபாய்க்கு இன்னும் நினைவிருந்தது.

மனச்சோர்வு உண்டா என்று கேட்கும் தாளை வார்டிலிருந்த ஆறு பேருக்கும் கொடுத்தாள். நர்ஸுக்குத் தாள் கிடையாது.

"கேஸ் டிரபிளாக்கும், சிஸ்டரே! சுக்கு போதும்," என்றார் எண்பது வயது பிச்சைக்கனி.

"எனக்கு உண்டு. வீட்டுல சொல்லண்டாம், சிஸ்டரே," என்றான் கல்லூரி மாணவன் ஜெயன்.

"சுக்கே குடிச்சிருக்க மாட்டான்!" என்றார் பெரியவர்.

திரும்பி வந்தவை ஏழு தாள்கள். ஏழாவதில் பெயரில்லை. "உண்டு. கேட்டதற்கு நன்றி" என்றிருந்தது.

ஜெபித்துவிட்டு, பெயரெழுதாத அந்த ஆளுக்கென ஜன்னலோரம் ஒரு சாயா வைத்தாள்.

"ஜன்னலுக்கும் கேஸ் டிரபிளா?" என்றார் பிச்சைக்கனி.

மாலையில் கிளாஸ் கழுவிக் கவிழ்த்திருந்தது.

மறுநாள் மதியம், ஆறு பேரும் தூங்குகையில், அவள் மேசையில் சுடச்சுட ஒரு சாயா இருந்தது. உட்கார்ந்து குடித்தாள். சீனி அளவாக இருந்தது.