சாதுவும் ரவுடியும்

குஞ்சிலிருந்து கையால் ஊட்டி வளர்த்த இரண்டு வான்கோழிகள். வேலை முடிந்து வந்தவள் அவை அடையும் கூடைக்குள் கையை விட்டாள். வெதுவெதுப்பாக ஒரு முட்டை!

"என்னங்க, நம்ம சாது முட்டை போட்டுட்டா!"

கணவன் கத்தியைக் கழுவிக்கொண்டிருந்தான். "அவளாவது உருப்படியா இருக்காளே. அந்த ரவுடிப் பயலை இப்பத்தான் வெட்டினேன். வாலை விரிச்சுக்கிட்டு என்னையே கொத்த வர்றான்."

அவளுக்கு உயிரே போய்விட்டது. மிஞ்சியதையாவது காப்பாற்ற, கால்நடை டாக்டருக்குப் போன் போட்டாள். "முட்டை போட்ட பெட்டைக்கு என்ன தீனி குடுக்கலாம் டாக்டர்?"

"பின்னாடி கொளகொளன்னு கத்துறது எது?"

"அதேதான், எங்க சாது. ஜோடி போன துக்கத்துல இன்னிக்குத்தான் வாயைத் திறக்குறா."

"அது சேவல்மா. பெட்டையும் வாலை விரிக்கும், கொத்தும். ஆனா இப்படிக் கத்தாது."

அவள் கையிலிருந்த முட்டை இன்னும் ஆறவில்லை.