நைசு போதாது

"இதையா நைசுன்னு சொல்லுத? எங்க வீட்டு அம்மிக்கல்லு இத விட நைசா இருக்கும்" என்று விரித்த பாயைக் காலால் தள்ளினார் பாபநாசம். மகள் கல்யாணத்துக்குப் பட்டுப் பாய் எடுக்க டவுனிலிருந்து பத்தமடைக்கு வந்திருந்தார். கல்யாணப் பாயையே காலால் தள்ளுகிற மனிதரிடம் வேறு என்ன மரியாதையை எதிர்பார்க்க முடியும்?

பாய் நெய்யும் ஆபிதா பீவி முகம் சுளிக்கவில்லை. "பைய பாருங்க அண்ணாச்சி, உள்ள இன்னும் இருக்கு" என்று அடுத்ததை விரித்தாள்.

பாபநாசம் உலகத்தையே தடவிப் பார்த்துத்தான் மதிப்புப் போடுவார். வேட்டி நைசு என்றால் பாராட்டு, ஆள் நைசு என்றால் அவன் களவாணி. சட்டினி நைசாக இல்லையென்று கல்யாணமான நாளிலிருந்து மனைவி பாலம்மாள் முன்னால் தட்டைத் தள்ளி வருகிறவர்.

"பாயில பேரு நெய்யணுமே, என்ன பேரு அண்ணாச்சி?"

"பொண்ணு சுகிர்தா. மாப்பிள்ளை குமரவேலு, எந் தங்கச்சி மவன்."

"குமரவேலா?"

"ஏன், பேரு நைசா இல்லையோ? எம் மவளுக்கும் பிடிக்கல. நடராஜ்னு ஒரு பய சுத்துதான், பேட்டைப் பட்டறையில இரும்பு தேய்க்குதவன். கை உப்புத்தாள் கணக்கா சொரசொரன்னு இருக்கும், பேச்சு மட்டும் அம்புட்டு நைசு. நைசா பேசியே எம் மவ மனச கெடுத்துட்டான். நான் உயிரோட இருக்க வரைக்கும் அவன் தாலி அவ கழுத்துல ஏறாது!"

"நீங்க இங்கன வந்துட்டிய. அங்கன பிள்ளைய யாரு பாத்துக்கிடுதா?"

பாபநாசம் சிரித்தார். "எம் பொண்டாட்டி இருக்கா. நைசா ஒரு பொய் சொல்லக்கூடத் தெரியாத சென்மம். பத்தமடை எந்தத் திசைன்னு கேட்டா முழிப்பா. இன்னைக்கு நாள் நல்லா இருக்கு, ஆபிதா பீவி வீட்டுப் பாய்தான் நைசு, போயி எடுத்துட்டு வாங்கன்னு வெள்ளனயே என்னைக் கெளப்பி விட்டதே அவதான்."

ஆபிதா பீவி அடுத்த பாயை விரித்தாள். அதை அவர் முழங்கையால் தடவினார். உள்ளங்கையை நம்ப முடியாதாம். "ம், இது பரவாயில்ல. இதே நைசுல பேரு போட்டு நெய்துரு."

"அவசரப்படாதிய அண்ணாச்சி. உங்க கைக்கு இது நைசு போதாது. இத விட ஒசத்தி உள்ள ஒண்ணு இருக்கு."

அந்தப் புகழ்ச்சி அவருக்குப் பிடித்திருந்தது. அசையாமல் உட்கார்ந்து டீ வாங்கிக் குடித்தார். பாய் மேல் பாய் வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு நொட்டை சொன்னார்.

ஆபிதா பீவியின் செல்போன் அடித்தது. காதில் வைத்துக் கேட்டவள் "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிவிட்டு, விரித்த பாய்களை ஒவ்வொன்றாகச் சுருட்டத் தொடங்கினாள்.

"ஏம்மா சுருட்டுத? நான் இன்னும் எடுக்கவே இல்லையே!"

"சுகிர்தா, நடராஜ்னு பேரு நெய்த பாய நேத்தே உங்க வீட்டம்மா வந்து வாங்கிட்டுப் போயிட்டாவ, இப்ப தாலி கட்டியாச்சாம், உங்கள வீட்டுக்கு அனுப்பிரச் சொல்லுதாவ அண்ணாச்சி."