விற்ற பேச்சு

வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பிய கம்பெனிக்கு இருளாண்டி தர வேண்டியது நாலு லட்சத்துப் பதினெட்டாயிரத்து அறுநூற்று ஐம்பது ரூபாய். போன நாட்டில் சாரம் கட்டிச் சம்பாதித்தது வட்டிக்கே சரியாகப் போனது.

அப்போதுதான் கம்ப்யூட்டரில் படம் செய்கிற பெண் ஒருத்தி வந்தாள். பிழைக்க வந்தவர்களைப் பற்றிச் சுவரளவு பெரிய, பேசும் படமாம். “உங்க குரலும் ஊர்ப்பேச்சும் படத்துக்கு மட்டும்தான் சொந்தம்னு எழுதிக் கொடுங்கண்ணா, கடனை நாங்க அடைச்சிடுறோம்” என்றாள். பேச்சுதானே என்று எழுத்துக்கூட்டிக் கையெழுத்துப் போட்டான்.

கடன் அடைந்த அன்று, அவள் தந்த புதுப் போனில் பரமக்குடியில் இருக்கும் பொண்டாட்டியைக் கூப்பிட்டான்.

“ஏ புள்ள பூமயிலு, கடன் தொலஞ்சுச்சுடி!”

விற்றதை விற்றவன் பேசக் கூடாதே. போன் அதை வேறு குரலில் மாற்றிச் சொன்னது: “வணக்கம் அம்மையீர், தங்கள் கடன்…”

அவள் முழுசாகக் கேட்கவில்லை. “சார், கோவிச்சுக்காதீக. எம்புருசன் அடுத்த மாசம் கட்டிருவாரு.”

“அடியே, நாந்தாண்டி!”

“நான்தான் பேசுகிறேன், அம்மையீர்.”

“தெரியுது சார். போன வாரமும் கடனக் கேட்டு நீங்கதான பேசுனீக. வீட்ட மட்டும் ஏலத்துல விட்றாதீக.”

இருளாண்டி போனை வாயோடு ஒட்டிப் பிடித்தான். மெதுவாகச் சொன்னான். போனும் மெதுவாகவே சொன்னது: “இனி ஒரு பைசாகூடத் தர வேண்டியதில்லை.”

“நெசமாவா! நீங்க மகராசனா இருக்கணும் சார். வைங்க, எம்புருசங்கிட்ட மொதல்ல சொல்லணும்” என்று அவள் போனை வைத்துவிட்டாள்.