கஜீவனுக்கு முப்பத்தைந்து

கதவைத் திறந்ததும் சண்முகலிங்கம் அத்தான் காதுக்குள் சொன்னார். "தம்பி, பெடியனைப் பற்றி ஒண்டும் கதையாதையும். கமலா தாங்கமாட்டாள்."

சப்பாத்துப் பனியைத் தட்டியபடி தலையாட்டினேன்.

ஜெர்மனியிலிருந்து மொன்றியலுக்கு, இருபத்தெட்டு வருடங்களுக்குப் பிறகு கமலா அக்காவைப் பார்க்க வந்திருக்கிறேன். வந்து சேர்ந்த நாளோ அவள் மகன் கஜீவனின் பிறந்தநாள்.

மேசையில் கேக். 'கஜீவன் 35' என்று கிறீமில் எழுதியிருந்தது.

வன்னியில் சண்டை முடிந்த வருடம் காணாமல் போனவன். அப்போது பதினெட்டு வயது. இருக்கிறான் என்று சொல்லவும் ஆளில்லை, இல்லை என்று சொல்லவும் ஆளில்லை.

அக்கா இருக்கும் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதிச் சனம் பத்துப் பேர் கேக்கைச் சுற்றி நின்றார்கள். ஒருவரும் வாழ்த்தவில்லை. வருடா வருடம் இப்படித்தானாம். அக்கா வெட்டுவாளாம், மற்றவர்கள் தின்றுவிட்டுக் குளிரைப் பற்றிக் கதைத்துவிட்டுப் போவார்களாம்.

எனக்கோ வாய் சும்மா இராது. ஆனால் என்னத்தைச் சொல்ல? 'நூறு வயது வாழட்டும்' என்றால் அக்கா நொறுங்கிப்போவாள்.

நான் இருப்பது ஜெர்மன் எல்லையில். அங்கே பிறந்தநாளுக்கு முதல்நாளே வாழ்த்திவிட்டால் முகம் கறுத்துவிடும். விடியுமுன் ஆளுக்கு என்னவும் நடக்கலாமாம்.

வேலை செய்யும் பூந்தோட்டம் பத்து நிமிடம் தள்ளி, எல்லைக்கு அந்தப் பக்கம் ஒல்லாந்தில், அதுதான் நெதர்லாந்தில். அங்கே பிறந்தநாள்காரனோடு நிறுத்தமாட்டார்கள். தாய்க்குக் கைகொடுத்து, 'உன் மகன் பிறந்தநாள், உனக்கு வாழ்த்துகள்' என்பார்கள். தகப்பனுக்கு, தமையனுக்கு, பக்கத்து வீட்டுக் கிழவிக்கும்கூட. முதல் தடவை வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். நடுவில் ஒரு வேலிகூட இல்லை, மனிதர் இவ்வளவு மாறிப்போகிறார்களே.

அத்தான் கண்ணைக் காட்டினார். நான் காணாததுபோல் அக்காவிடம் போய்க் கையை நீட்டினேன்.

"உங்களுக்கு வாழ்த்துகள் அக்கா. நீங்கள் அவனைப் பெத்த நாளெல்லே."

கேக்கைச் சுற்றி நின்றவர்கள் அத்தானைப் பார்த்தார்கள்.

அக்கா கத்தியை வைத்தாள். கையைச் சேலையில் துடைத்துவிட்டு என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"உனக்கும்தான்ரா. நீ மாமனெல்லே."

ஒல்லாந்து எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியாதவள்.

பிறகு அத்தானிடம் திரும்பி, அவருக்கும் கையை நீட்டினாள்.

கமலா தாங்கமாட்டாள் என்றவர், கதிரையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.