டெஸ்ஸி வீட்டு மீட்டர்

கென்டக்கி மலைகளுக்கு நடுவே இருந்த அந்தச் சிற்றூரை வெள்ளம் துடைத்துப் போட்ட பிறகு, யார் வீட்டுக் குழாயிலும் தண்ணீர் வரவில்லை. லொரீன், தேவாலய லாரியில் கொடுத்த பாட்டில் தண்ணீரில் சமைத்தாள். கழிவறைக்கு ஓடையின் கலங்கல் தண்ணீரை மொண்டு வந்தாள். பக்கத்து மனையில் இருந்த தங்கை டெஸ்ஸியின் வீட்டை வெள்ளம் அவளோடு சேர்த்து இழுத்துப் போயிருந்தது. உடல்கூடக் கிடைக்கவில்லை.

அன்று காலை குடிநீர் வாரியத்து ஹோபர்ட், வெறும் மனைகளின் வால்வுகளை மூடிக்கொண்டு வந்தார். டெஸ்ஸியின் மனையில் தரைக்குள் பதித்திருந்த தண்ணீர் மீட்டரின் மூடியைத் திறந்தவர் குனிந்தபடியே நின்றுவிட்டார்.

"லொரீன், இங்க வந்து பாரும்மா. இது ஓடுது."

சிவப்பு முள் நிதானமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

"ஊருக்கே தண்ணி இல்லையேண்ணே!"

"அதானே? மெயின் பைப்பே ஆத்தோட போயிடுச்சு."

வீட்டுக்குப் போன குழாய் நாலடி தள்ளி முறிந்து கிடந்தது. லொரீன் அதற்குள் விரலை விட்டுப் பார்த்தாள். காய்ந்த சேறுதான் இருந்தது.

முள் நின்றது. சற்றுப் பொறுத்து, யாரோ குழாயை மூடித் திறந்ததுபோல மறுபடி சுற்றியது.

"மீட்டர் கெட்டுப்போச்சு போல. மூடிடறேன்" என்று ஹோபர்ட் ஸ்பானரை எடுத்தார்.

லொரீன் சேற்றில் மண்டியிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கொஞ்சம் பொறுங்கண்ணே. வேலைக்குக் கிளம்புற நேரம், தலைக்குக் குளிச்சிட்டிருப்பா. நுரை போகட்டும்."