கிரைண்டர் அனுப்பிய திருத்தம்

பாதி நாட்டின் சமையலறைகள் பூங்கோதை எழுதிய மென்பொருளில்தான் ஓடின. யாரும் எடுக்கலாம், யாரும் திருத்தலாம் என்று இளவயதிலேயே அதை ஊருக்குத் திறந்துவிட்டவள் அவள். வருகிற திருத்தங்களை மட்டும் எழுபது வயதிலும் அவளே படித்துப் பார்த்துச் சேர்த்தாள். சோதித்துப் பார்க்காமல் அனுப்பி அவளிடம் திட்டு வாங்காத ஆள் கிடையாது.

இப்போதெல்லாம் இயந்திரங்களே திருத்தம் அனுப்பின. திங்கட்கிழமை வந்ததை அனுப்பியது அவள் வீட்டு கிரைண்டர். உளுந்தைப் பத்து நிமிடம் குறைவாக ஆட்டினால் போதும் என்றது.

"எனக்கே உளுந்தாட்டச் சொல்லித் தருதா?" என்று, அந்தத் திருத்தத்தை ஓட்டிப் பார்க்காமலே ஒதுக்கிவிட்டாள்.

கிரைண்டர் கோபித்துக்கொள்ளவில்லை. எல்லோருக்கும் அவள் கொடுத்திருந்த உரிமைப்படி மென்பொருளில் தனக்கென்று ஒரு பிரதி எடுத்து, அதில் தன் திருத்தத்தைச் சேர்த்துக்கொண்டு, தன் போக்கில் ஆட்டியது.

புதன்கிழமை காலை, இட்லியைப் பிட்டு வாயில் போட்ட கணவர் அருளாளன் கண்ணை மூடிக்கொண்டார். "கோதை, நாப்பது வருசத்துல இப்பிடி ஒரு இட்லி நான் தின்னதில்ல போ."

அவளும் ஒரு விள்ளல் தின்றாள். மறுக்க முடியவில்லை. உடனே கிரைண்டரின் பிரதியைத் திறந்து, தண்ணீர் தெளிப்பதில் தனக்குத் தோன்றிய ஒரு மாற்றத்தை எழுதி அதற்கே அனுப்பினாள்.

மறுகணம் பதில் வந்தது: 'நன்றி. சோதித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. பார்த்துவிட்டு அனுப்பவும்.'

அருளாளன் எட்டிப் பார்த்தார். "என்ன, வாங்கிக் கட்டிக்கிட்டயா?"

"ஆமாங்க" என்று வாயெல்லாம் சிரிப்பாகச் சொல்லிவிட்டு, பூங்கோதை உளுந்து ஊறப்போட எழுந்தாள்.