வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட்

“பழைய மிஸ் இப்படிச் சொல்லித் தர மாட்டாங்க மிஸ்!”

நடு பெஞ்சிலிருந்து குரல் வந்தது. கணக்கு டீச்சர் சாக்பீஸும் கையுமாகத் திரும்பினார்.

“வேற எப்படிச் சொல்லித் தருவாங்களாம்?”

கேட்டதுதான் தாமதம், வகுப்பே எழுந்து நின்றுவிட்டது.

“பின்னம்னா பங்காளிச் சண்டைன்னு நெனைச்சுக்கணுமாம் மிஸ். மேல இருக்கிறவனும் கீழ இருக்கிறவனும் முறைச்சுக்குவாங்க, நாம நடுவுல கோடு போட்டு சமாதானம் பண்ணணுமாம்!”

“தப்பாப் போட்டா திட்டவே மாட்டாங்க. ‘அடடா, விடை வழி தெரியாம அலையுதே, கையைப் பிடிச்சு கூட்டிட்டு வா’ம்பாங்க!”

“சிரிச்சா மூக்கு சுருங்கும் மிஸ்!”

“போதும், உட்காருங்க!” என்று அதட்டினார். உட்கார்ந்தார்களா? அதுதான் இல்லை. ஒரு காலத்தில் இவர் செருப்புச் சத்தம் கேட்டாலே வகுப்பு வாயைப் பொத்திக்கொள்ளும். ஓய்வு பெற்று வீட்டில் இருந்துவிட்டு, மறுபடி தற்காலிக வேலைக்கு வந்தால் பிள்ளைகள் வேறு பிள்ளைகளாக இருக்கிறார்கள்.

ஆசிரியர் அறையும் அப்படித்தான். ஜன்னலோர நாற்காலியில் உட்காரப் போனபோது சயின்ஸ் டீச்சர் பதறிவிட்டாள். “அது அவ நாற்காலி டீச்சர்... ஐயோ, வாய் தவறி வந்துடுச்சு. உட்காருங்க, உட்காருங்க.” வருகைப் பதிவைக் கம்ப்யூட்டரில் ஏற்றத் தெரியாமல் விழித்தால், டிரில் மாஸ்டர் எட்டிப் பார்த்து, “அவங்க இருந்தா கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள முடிச்சிருப்பாங்க” என்று ஒரு பெருமூச்சு விட்டார்.

எங்கே திரும்பினாலும் அவள்தான். கணவனுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்து, வருடத்தின் நடுவில் கிளம்பிப் போய்விட்ட அந்தப் பழைய கணக்கு மிஸ்.

அன்று மதியம் தலைமை ஆசிரியை கூப்பிட்டு அனுப்பினார்.

“ஏழாம் வகுப்பு உங்களைப் பாடாப் படுத்துதாமே. நீங்களா கேட்டு வாங்கின வகுப்புதான், இல்லைங்கல. ஆனா இந்த வயசுல எதுக்கு? திங்கட்கிழமையிலேர்ந்து மூணாம் வகுப்புக்குப் போயிடுங்க. வாண்டுங்க சொன்ன பேச்சு கேட்கும்.”

“வேண்டாம் மேடம். எனக்கு இந்த வகுப்பே இருக்கட்டும்.”

“என்ன வீம்பு இது? அப்புறம் இன்னொண்ணு. வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட்ல அந்தப் பழைய டீச்சர்கிட்ட எல்லாம் சேர்ந்து போன்ல பேசுதுங்களாம். சயின்ஸ் டீச்சர் குடுக்கிற செல்லம். போனவங்க பேச்சையே கேட்டுக்கிட்டிருந்தா உங்களை எப்படி மதிக்கும்? இன்னியோட நிறுத்திடறேன்.”

“நிறுத்திடாதீங்க மேடம்!”

டீச்சர் போட்ட சத்தத்தில் அவருக்கே தூக்கிவாரிப் போட்டது. குரலைத் தாழ்த்திக்கொண்டார். “வாரம் பூரா அதுக்குத்தான் காத்துக்கிட்டிருக்கு, பாவம். சத்தம் வெளியே வராம நான் பாத்துக்கறேன். வந்தா, நானே மூணாம் வகுப்புக்குப் போயிடறேன்.”

“சரி. இன்னிக்கு நான் அந்தப் பக்கம் வருவேன்.”

கடைசிப் பீரியட். “கண்ணுங்களா, இன்னிக்கு வெளியே சத்தம் கேட்டா இனிமே போனும் கிடையாது, நானும் கிடையாது” என்றார் டீச்சர். அதட்டி வழிக்கு வராத பிள்ளைகள், அந்தக் குரலில் இருந்த கெஞ்சலுக்கு வாயை மூடிக்கொண்டன.

சயின்ஸ் டீச்சர் போனை மேசைமேல் வைத்து ஸ்பீக்கரைப் போட்டாள். கணக்கு டீச்சர் வழக்கம்போலக் கடைசி பெஞ்சுக்குப் பின்னால் போய், சுவரோடு சாய்ந்து நின்றுகொண்டார்.

“என்னடா, எல்லாரும் வாலைச் சுருட்டி வெச்சிருக்கீங்களா? சத்தத்தையே காணோம்!”

அந்தக் குரலுக்கு வகுப்பே வாய்விட்டுச் சிரிக்கப் பார்த்து, கையால் பொத்திக்கொண்டது. வாசலில் தலைமை ஆசிரியையின் நிழல் வந்து நின்றது. ஒரு கணம் கேட்டுவிட்டு நகர்ந்தது.

“புது மிஸ் சிரிக்கவே மாட்டாங்க மிஸ்” என்று ஒருத்தி கிசுகிசுத்தாள். சயின்ஸ் டீச்சர் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“தப்பு. அப்படிச் சொல்லலாமா? உங்களைக் கட்டி மேய்க்கிறது லேசுப்பட்ட வேலையா? மதியம் சாப்பிட்டாங்களான்னு யாராவது ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

எல்லாத் தலைகளும் பின்னால் திரும்பின.

“சாப்பிட்டீங்களா மிஸ்?”

டீச்சர் தலையை மட்டும் ஆட்டினார்.

“அவங்ககிட்ட போனைக் குடுங்க, ஒரு வணக்கம் சொல்லிடறேன்.”

போன் கைக்குக் கை மாறிப் பின்னால் வந்து சேர்ந்தது. டீச்சர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார், தளும்பத் தளும்ப நிறைந்த பாத்திரத்தை வாங்குகிற மாதிரி.

“வணக்கம் டீச்சர். வாலுங்க ரொம்பப் படுத்துதா? மனசுல வெச்சுக்காதீங்க... டீச்சர்? லைன்ல இருக்கீங்களா?”

உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. போனைச் சட்டென்று சயின்ஸ் டீச்சரிடம் நீட்டிவிட்டு வெளியே போய்விட்டார். “அவங்களுக்குத் தொண்டை கட்டியிருக்குடி” என்று சமாளித்து வைத்த சயின்ஸ் டீச்சருக்கு ஆத்திரம் தாங்கவில்லை. பெல் அடித்ததும் வராந்தாவில் வந்து பிடித்துக்கொண்டாள்.

“என்ன டீச்சர் நீங்க? அவ எவ்வளவு மரியாதையாப் பேசறா! பதிலுக்கு ஒரு வார்த்தை பேசினா வாயிலேர்ந்து முத்தா உதிர்ந்திடும்? முகம் தெரியாதவ மேல அப்படி என்ன பொறாமை?”

டீச்சர் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“பேசியிருந்தா போனைக் கட் பண்ணியிருப்பாம்மா. கல்யாணம் பண்ணிக்கிட்டு வந்து நின்னப்போ, ‘வீட்டை விட்டு வெளியே போ’ன்னு சொன்ன குரல் என்னோடது. அதை எங்கே கேட்டாலும் கண்டுபிடிச்சிடுவா, என் பொண்ணு.”